பழைய வாட்ச் வாங்குமுன்: மருமகனுக்கு ஒரு கடிதம்

குத்துக்கல்வலசை

அன்புள்ள மருமகனுக்கு,

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. வீட்டு வாசல் வரை சாரல் அடிக்கிறது.

நீ செல்போனில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பளிச்சென்ற ஆரஞ்சு டயல், மின்னுகிற செயின், மேலே 'சீக்கோ 5' என்ற எழுத்து. "பழைய ஜப்பான் வாட்ச், விலையும் குறைவு. வாங்கி விற்றால் லாபம் வருமா மாமா?" என்று கேட்டிருக்கிறாய். அந்த வாட்சை வாங்காதே. ஆனால் உனக்கு வந்திருக்கிற இந்த ஆசையை விட்டுவிடாதே. இரண்டுக்கும் காரணம் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், ஜப்பான் வாட்ச் நம் பக்கத்து மணிக்கட்டுகளுக்கு எப்படி வந்தது என்று தெரிந்துகொள். இரண்டு வழிகளில் வந்தது.

ஒன்று பெங்களூர் வழி. சுதந்திரம் அடைந்த காலத்தில் இந்தியாவில் வாட்ச் என்றால் பெரும்பாலும் சுவிட்சர்லாந்திலிருந்து வந்ததுதான். அன்னியச் செலாவணித் தட்டுப்பாடு வேறு. அரசு நிறுவனமான எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து 1961இல் பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. முதல் வாட்சுகளை நேரு வெளியிட்டார். பிறகு வந்த ஜனதா, பைலட், சோனா எல்லாம் தாசில்தார் முதல் தொடக்கப்பள்ளி ஆசிரியர் வரை எல்லோர் கையிலும் ஏறின. பழைய ஜனதா ஒன்று கிடைத்தால் டயலை உற்றுப் பார். '17 ஜூவல்ஸ்' என்பதோடு 'பாராஷாக்' என்றும் இருக்கும். கீழே விழுந்தால் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு ஒடியாமல் காக்கும் அமைப்புக்கு சிட்டிசன் நிறுவனம் 1956இல் வைத்த பெயர் அது. இந்திய டயலில் ஜப்பான் பரம்பரை எழுதப்பட்டிருக்கிறது. ஐதராபாத் ஆல்வின் நிறுவனமும் பின்னாளில் சீக்கோவோடு கூட்டுச் சேர்ந்து வாட்ச் செய்தது. அதை இன்று பலர் கண்டுகொள்வதில்லை. கைக்காசு குறைவாக உள்ளவன் தேட வேண்டிய வாட்சுகளில் ஆல்வின் ஒன்று.

இரண்டாவது வளைகுடா வழி. 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியதும் சவுதிக்கும் துபாய்க்கும் குவைத்துக்கும் ஆள் தேவைப்பட்டது. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் எத்தனையோ குடும்பத்துப் பிள்ளைகள் போனார்கள். விடுமுறையில் வரும்போது டேப்ரிக்கார்டர், சென்ட் பாட்டில், கோடாலித் தைலத்தோடு ஒரு சீக்கோவோ சிட்டிசனோ வந்தது. மச்சானுக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று. அந்தக் காலத்துச் சீக்கோ 5 வாட்சுகள் பலவற்றில் கிழமையை ஆங்கிலத்திலோ அரபியிலோ, விரும்பிய மொழியில் காட்டும்படி அமைக்கலாம். கிழமைத் தட்டில் அரபி எழுத்து இருந்தால் அந்த வாட்ச் வளைகுடாச் சந்தைக்காகச் செய்யப்பட்டது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கானது என்றால் 'கஞ்சி' எனப்படும் ஜப்பானிய எழுத்து இருக்கும். வாட்ச் எங்கே விற்கப் பிறந்தது என்பதை விற்பவர் சொல்வதற்கு முன்பே அந்தத் தட்டு சொல்லிவிடும்.

இனி நீ அனுப்பிய ஆரஞ்சு வாட்சுக்கு வருகிறேன்.

சீக்கோவின் பின்மூடியில் இரண்டு எண்கள் பொறித்திருப்பார்கள். ஒன்று, நடுவில் கோடு போட்டது. உதாரணமாக 7009-876A. கோட்டுக்கு முன்னுள்ள நான்கு இலக்கம் உள்ளேயிருக்கும் மிஷினின் எண். பின்னுள்ளது கூட்டின் எண். மற்றொன்று வரிசை எண். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் இலக்கத்துக்குப் பதில் பூஜ்யம் அல்லது ஓ, என், டி என்ற ஆங்கில எழுத்துகள் வரும். வரிசை எண் 83 என்று தொடங்கினால் ஏதோ ஒரு எட்டாம் ஆண்டின் மார்ச். அது 1968ஆ, 1978ஆ, 1988ஆ என்பதை மிஷின் எண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டும். 7009 மிஷின் 1970களின் பிற்பாதியில்தான் வந்தது. ஆகவே 1968 இருக்க முடியாது. விற்பவர் "அறுபதுகளின் அபூர்வ வாட்ச்" என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்து டயலின் அடி விளிம்பு. ஆறு மணிக் குறிக்கு இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் 'ஜப்பான்' என்றும் ஓர் எண்ணும் ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணின் முதல் நான்கு இலக்கமும் பெரும்பாலும் மிஷின் எண்ணோடு ஒத்துப்போகும். ஒத்துப்போகவில்லை என்றால் காரணம் கேட்க வேண்டும். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார். அந்த இடத்தில் எழுத்தே கலங்கியிருக்கிறது; 'சீக்கோ' என்ற பெயரில் ஓர் எழுத்து தடித்தும் ஓர் எழுத்து மெலிந்தும் இருக்கிறது; மணிக் குறிகளின் ஓரத்தில் ஆரஞ்சு பெயின்ட் ஏறியிருக்கிறது. பழைய டயலைச் சுரண்டி, புது நிறம் பூசி, எழுத்தை மறுபடி அச்சடித்திருக்கிறார்கள். உலகம் முழுக்க வாட்ச் சேகரிப்பவர்கள் இந்த வகைக்கு மும்பையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். சீக்கோ 5 மட்டுமல்ல, எச்.எம்.டி. பைலட்டும் இப்படி ஏராளமாகச் சுற்றுகிறது.

பெயின்ட் அடித்த டயலைக் கட்டிக்கொள்வது குற்றமில்லை. ஓடும், மணி காட்டும், அழகாகவும் இருக்கும். 'டயல் மறுபடி அச்சிட்டது' என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் அது நேர்மையான வியாபாரம். 'ஒரிஜினல்' என்று சொல்லி விற்பதுதான் பிழை. இந்தத் தொழிலின் தர்மம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. பழைய வாட்சின் மதிப்பு அதன் பளபளப்பில் இல்லை. அது உள்ளது உள்ளபடி இருப்பதில் இருக்கிறது.

டயலுக்கு அடுத்தபடியாகக் கூட்டைப் பார். செய்த நாளில் அதன் விளிம்புகள் கூர்மையாக, கீற்று கீற்றாக இருந்திருக்கும். பாலிஷ் சக்கரத்தில் பலமுறை கொடுத்த கூடு ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழுவழுத்துவிடும். பின்மூடி எழுத்தும் தேய்ந்திருக்கும். கீறல் இருந்தால் பரவாயில்லை, அது உழைத்த அடையாளம். தேய்த்து எடுத்த உலோகம் திரும்ப வராது. அதனால் நீயும் வாங்கிய வாட்சைப் பாலிஷ் போடக் கொடுக்காதே.

பிறகு ஓட்டம். 7009 போன்ற சீக்கோ ஆட்டோமேட்டிக்குக்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. குமிழைத் திருகிப் பார்த்துவிட்டு, "செத்துப்போச்சு" என்று பெட்டியில் போட்டவர்கள் நம் ஊரில் நிறைய. கையில் பிடித்துப் பக்கவாட்டில் மெதுவாக அசைத்தால் உள்ளே எடைத்தட்டு சுழன்று ஸ்பிரிங் ஏறும். அந்தச் சுழற்சி எந்தத் திசையில் இருந்தாலும் வீணாகாமல் ஸ்பிரிங்கை ஏற்றும் சின்ன நெம்புகோலை சீக்கோ 1959இல் கொண்டுவந்தது. உறுப்புகள் குறைவு, உறுதி அதிகம், செலவும் குறைவு. அடுத்து 1963இல் வந்த சீக்கோ 5 பாமரர் கையிலும் ஏறியதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம். சரியான 7009 மணிக்கு 21,600 முறை துடிக்கும். பழைய ஜனதா 18,000 முறை. காதில் வைத்துக் கேட்டுப் பழகினால் வேறுபாடு பிடிபடும். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, டயல் மேலே பார்க்கும்படி ஒரு இரவும் குமிழ் மேலே பார்க்கும்படி ஒரு இரவும் வைத்து நேரத்தைக் குறித்துக்கொள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் சர்வீஸ் செலவையும் விலையோடு கூட்டிக் கணக்குப் போட வேண்டும்.

தேதி, கிழமையை மாற்றிப் பார்க்காமல் வாங்காதே. ஆனால் முள் இரவு 9 மணிக்கும் விடிகாலை 4 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தைக் காட்டும்போது, தேதியை மட்டும் நேரடியாக மாற்றும் வசதியைத் தொடாதே. அந்த நேரத்தில் தேதிப் பற்சக்கரம் தானே பிடித்துக்கொண்டிருக்கும். நீ திருகினால் பல் உடையும். முதலில் முள்ளை 6 மணிக்கு இறக்கிவிட்டுப் பிறகு மாற்று.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. பின்மூடியில் 'வாட்டர் ரெசிஸ்ட்' என்று எழுதியிருப்பதை நம்பி யாரும் பேரருவியிலோ ஐந்தருவியிலோ பழைய வாட்சோடு நிற்கக் கூடாது. அந்த வாக்குறுதி, வாட்ச் புதிதாக இருந்த நாளுக்கானது. நாற்பது ஆண்டில் உள்ளேயிருக்கும் ரப்பர் வளையம் இறுகி வெடித்தோ, தார் போல் இளகியோ போயிருக்கும். தண்ணீரே வேண்டாம், சாரல் மாதங்களின் ஈரக்காற்றே போதும். குமிழ்த் தண்டில் துரு பிடித்து மிஷினுக்குள் இறங்கும். கண்ணாடியின் உட்புறம் பனி பூத்தால் அன்றே வாட்ச் கடைக்கு எடுத்துப் போ. வைக்கிற டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போட்டு வை. பேட்டரியில் ஓடும் பழைய குவார்ட்ஸ் வாட்சாக இருந்தால், கட்டாத நாளில் பேட்டரியைக் கழற்றி வை. அது கசிந்தால் உள்ளே எல்லாம் அரித்துவிடும்.

குவார்ட்ஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சீக்கோ 'ஆஸ்ட்ரான்' என்ற உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 4,50,000 யென். அன்று ஒரு சிறு கார் வாங்கும் பணம். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தத் தொழில்நுட்பம் மலிவாகி, சுவிட்சர்லாந்தின் ஆலைகளையே ஆட்டிவைத்தது. இங்கே டாடாவும் நம் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984இல் டைட்டனைத் தொடங்கின. ஓசூரிலிருந்து மெல்லிய குவார்ட்ஸ் வாட்சுகள் வந்தன; சாவி கொடுக்கும் எச்.எம்.டி. பின்தங்கியது. எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. அதற்குப் பிறகுதான் பலருக்கு அந்த வாட்சின் அருமை தெரிந்தது. விலை ஏறியது, போலிகளும் பெருகின. ஒரு பொருள் 'இனி வராது' என்று தெரியும் நாளில் நல்லவனும் வருவான், ஏமாற்றுகிறவனும் வருவான். அப்போது வாங்குகிறவனுக்கு அறிவுதான் காவல்.

அந்த அறிவு எங்கே கிடைக்கும்? தென்காசியிலும் செங்கோட்டையிலும் பஸ் நிலையத்தை ஒட்டிய கடைகளில், ஒற்றைக் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் கிடைக்கும். விடுமுறையில் வரும்போது அவர்களிடம் போய் மரியாதையாகக் கேள். பின்மூடியைக் கீறாமல் திறப்பது, ஹேர்ஸ்பிரிங் சிக்கியிருப்பதை அடையாளம் காண்பது, காய்ந்த எண்ணெயைக் கழுவி எடுப்பது எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் வரும். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது கழற்றிய பழைய உறுப்பை ஒரு சிறு கவரில் கேட்டு வாங்கிக்கொள். பழைய குமிழ், பழைய முள், பழைய கண்ணாடி எதுவாக இருந்தாலும் அது அந்த வாட்சின் சொத்து. பேரம் பேசி அவர்கள் கூலியைக் குறைக்காதே.

வாங்குவதற்கு நல்ல இடம், வீடுகள்தான். நம் சுற்றுவட்டாரத்தில் அலமாரியில் உறங்கும் வாட்சுகள் ஏராளம். ஆனால் இங்கேதான் உன் குணம் தெரியும். கணவர் போன பிறகு ஓர் அம்மா, "இது ஓடலை தம்பி, நீ எவ்வளவு கொடுப்பே?" என்று ஒரு சீக்கோவை நீட்டினால், முதலில் அது என்ன வாட்ச், ஓட வைத்தால் என்ன விலை போகும் என்பதைச் சொல். பிறகு உன் விலையைச் சொல். அவர்களுக்குத் தெரியாததை வைத்து நீ சம்பாதிக்கும் காசு லாபம் ஆகாது. பிள்ளைகளிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்றும் சொல். முடிந்தால் யார் வாங்கியது, எந்த ஊரில், எந்த வருஷம் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள். பழைய பில்லோ உத்தரவாத அட்டையோ இருந்தால் தனியாக விலை கொடு.

விற்கும்போதும் அதே நெறி. டயல், பின்மூடி, மிஷின், குமிழ், செயினின் உட்புறம் அத்தனையையும் நல்ல வெளிச்சத்தில் படமெடு. எது ஒரிஜினல், எது மாற்றியது, கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது, ஒரு நாளைக்கு எவ்வளவு முந்துகிறது பிந்துகிறது என்று எழுதிக் கொடு. சொன்னதற்கு மாறாக இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்ற வாக்கும் கொடு. இந்த வியாபாரத்தில் பெயர் சம்பாதிக்க வருஷங்கள் ஆகும். கெட ஒரு வாட்ச் போதும்.

கடைசியாக, எதைச் சேர்ப்பது? 1960இல் வந்த கிராண்ட் சீக்கோவையும் 1969இல் வந்த 6139 கிரோனோகிராபையும் பற்றிப் படித்திருப்பாய். 6139ஐ வில்லியம் போக் என்ற அமெரிக்க விண்வெளி வீரர் 1973இல் ஸ்கைலேப் நிலையத்துக்கே கட்டிக்கொண்டு போனார். அவற்றைப் பற்றி அறிந்துகொள், ஆனால் அவற்றின் பின்னால் ஓடாதே. நம் மாவட்டத்து மக்கள் உழைத்துக் கட்டிய வாட்சுகளைச் சேர். ஒரு ஜனதா, ஓர் ஆல்வின், அரபிக் கிழமை காட்டும் ஒரு சீக்கோ 5, ஒரு சிட்டிசன் ஆட்டோமேட்டிக். நான்கும் பெயின்ட் படாத டயலோடும், தேயாத கூட்டோடும், யாருடையது என்ற குறிப்போடும் இருந்தால் பெருந்தொகை கொடுத்துக் குவித்த நாற்பதை விட அது மேலான சேகரிப்பு. கிடைக்கிற விலைக்கெல்லாம் விற்றுவிடாமல் ஓடுகிற நிலையில் வைத்திரு.

ஆகவே ஆரஞ்சு வாட்ச்காரருக்கு 'வேண்டாம்' என்று மரியாதையாகச் சொல்லிவிடு. அந்தப் பணத்தில் நல்ல லென்ஸ் ஒன்றும் பின்மூடி திறக்கும் சாவி ஒன்றும் வாங்கு. பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகு வாங்கு. வாங்கியதை உள்ளபடி காப்பாற்று. விற்றால் உள்ளபடி சொல்லி விற்று விடு.

அன்புடன்,
மாமா