வீட்டுக்கொரு தரவுப் பெட்டகம்

வாசிக்கும் முன் சிந்திக்க: உங்கள் குடும்பத்தின் புகைப்படங்கள் இப்போது எங்கே உள்ளன? அந்தக் கருவி இன்றே பழுதானால் எவற்றை இழப்பீர்கள்?

வெள்ளம் கற்பித்த பாடம்

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாத நடுவில் சிலாங்கூர் மாநிலத்தில் பெய்த தொடர்மழையால் பெருவெள்ளம் ஏற்பட்டது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட இடங்களுள் ஷா ஆலாமில் உள்ள தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பும் ஒன்று. மக்கள் பலர் மேல்மாடியிலும் கூரையிலும் தஞ்சமடைந்து, மீட்புப் படகுகளுக்காகக் காத்திருந்தனர். நீர் வடிந்த பின் நாற்காலி, மெத்தை, குளிர்பதனப் பெட்டி எனப் பாழான பொருள்கள் வீதியோரங்களில் மலைபோல் குவிந்தன.

நாற்காலியை மீண்டும் வாங்கலாம். நனைந்து ஒட்டிப்போன திருமணப் படத்தையோ, மூழ்கிய கணினியோடு போய்விட்ட தாத்தாவின் குரல் பதிவையோ எந்தக் கடையிலும் வாங்க இயலாது. வெள்ளம் மட்டுமன்று, தொலைந்துபோன திறன்பேசி, திடீரென நின்றுபோன வன்தட்டு, தவறுதலாக அழுத்திய ஒரு பொத்தான் ஆகியவையும் இதே இழப்பைத் தரக்கூடும்.

பலர் இணையத்தில் உள்ள மேகச் சேமிப்பை நம்புகின்றனர். அது பயனுள்ளதுதான். ஆயினும், அதற்கும் வரம்பு உண்டு. கூகள் நிறுவனம் புகைப்படங்களுக்கு வழங்கி வந்த வரம்பற்ற இலவசச் சேமிப்பு 2021ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாளோடு முடிவுக்கு வந்தது. அதன்பின் சேர்க்கப்படும் படங்கள் 15 கிகாபைட் இலவச அளவுக்குள் கணக்கிடப்படுகின்றன. அதற்கு மேல் வேண்டுமானால் மாதந்தோறும் கட்டணம் செலுத்த வேண்டும். எனவே, நம் தரவுகளின் ஒரு படியை நம் வீட்டிலேயே வைத்திருக்கும் வழியை அறிந்துகொள்வது நல்லது.

வீட்டுச் சேமிப்பகம் என்றால் என்ன?

வீட்டில் உள்ள வைஃபை ரவுட்டருடன் இணைக்கப்பட்டு, எந்நேரமும் இயங்கும் சிறிய கணினியே வீட்டுச் சேமிப்பகம். அதில் ஒரு வன்தட்டு இருக்கும். அம்மாவின் திறன்பேசி, அப்பாவின் மடிக்கணினி, பிள்ளைகளின் கைக்கணினி ஆகிய அனைத்தும் அந்த ஒரே வன்தட்டில் கோப்புகளைச் சேமிக்கலாம், அதிலிருந்து எடுக்கலாம். இதற்குக் கணினித்திரையோ விசைப்பலகையோ நிரந்தரமாகத் தேவையில்லை. தொடக்கத்தில் ஒருமுறை அமைத்துவிட்டால், பிறகு வேறொரு கணினியின் உலாவி வழியாகவே அதனை நிர்வகிக்கலாம்.

இதற்கெனவே செய்யப்பட்ட கருவிகள் கடைகளில் விற்கப்படுகின்றன. ஆனால், அலமாரியில் பயனற்றுக் கிடக்கும் பழைய மடிக்கணினியே இப்பணிக்குப் போதும். கோப்புகளை வாங்கி வைப்பதும் திருப்பித் தருவதும் கணினிக்குக் கடினமான வேலையல்ல. 4 கிகாபைட் நினைவகம் கொண்ட கணினி இதனை எளிதாகச் செய்யும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

வாங்குவதற்கு முன் கணக்கிட வேண்டும். நால்வர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000 படங்கள் எடுப்பதாகவும், ஒரு படம் 4 மெகாபைட் அளவுடையது எனவும் கொள்வோம். மொத்தம் 8,000 படங்கள். அவற்றுக்கு 32 கிகாபைட் இடம் தேவை. குடும்பம் முழுவதும் சேர்ந்து வாரத்திற்குப் பத்து நிமிடக் காணொளி எடுப்பதாகவும், ஒரு நிமிடக் காணொளிக்கு 100 மெகாபைட் தேவை எனவும் கொண்டால், ஆண்டுக்கு 52 கிகாபைட் ஆகிறது. இரண்டும் சேர்ந்து 84 கிகாபைட்.

அப்படியானால், 1 டெராபைட், அதாவது 1,000 கிகாபைட் கொள்ளளவுள்ள வன்தட்டு நிரம்ப ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகும். வன்தட்டு அவ்வளவு காலம் பழுதின்றி உழைக்கும் என எதிர்பார்க்க இயலாது. ஆகவே, மிகப் பெரிய வன்தட்டு ஒன்றை வாங்குவதைவிட, அளவான வன்தட்டுகள் இரண்டை வாங்குவதே அறிவுடைமை. இதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

மின்சாரமும் வேகமும்

நாள் முழுவதும் இயங்கும் கருவி என்பதால் மின்செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 50 வாட் மின்சாரம் எடுக்கும் பழைய மேசைக்கணினி ஒரு நாளில் 1.2 யூனிட் செலவழிக்கும். 30 நாளில் 36 யூனிட். 15 வாட் மட்டும் எடுக்கும் மடிக்கணினிக்கு மாதம் 10.8 யூனிட் போதும். உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளுக்கு இன்னும் குறைவாகவே தேவைப்படும். இலவசமாகக் கிடைத்த பழைய மேசைக்கணினி, சில ஆண்டுகளில் மின்கட்டணமாக நம்மிடம் பணம் வாங்கிவிடும்.

அடுத்தது வேகம். சேமிப்பகத்தை ரவுட்டருடன் கம்பிவடம் மூலம் இணைப்பதே சிறந்தது. நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள பழைய இணைப்பில் 10 கிகாபைட் காணொளியை மாற்ற 13 நிமிடங்களுக்கு மேல் ஆகும். நொடிக்கு 1,000 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அதே பணி ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் முடியும். ஆகவே, பழைய கணினியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் இணைப்பு வேகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அமைக்கும் முறை

1. பழைய மடிக்கணினியில் உள்ள தேவையான கோப்புகளை முதலில் வேறிடத்திற்கு மாற்றிவிடுங்கள். புதிய இயங்குதளத்தை நிறுவும்போது அதிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும்.

2. மின்கலம் உப்பியிருக்கிறதா எனப் பாருங்கள். உப்பிய மின்கலம் தீப்பிடிக்கக்கூடும். அதனை நீங்களே கழற்றாமல், பெரியவர்களிடம் கூறிப் பழுதுபார்ப்பவரிடம் ஒப்படையுங்கள்.

3. ஓப்பன்மீடியாவால்ட் என்னும் மென்பொருளை ஒரு விரலியில் பதிவிறக்கி, அதிலிருந்து மடிக்கணினியில் நிறுவுங்கள். டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இது இலவசமாகக் கிடைக்கிறது.

4. புதிய வன்தட்டை யூ.எஸ்.பி. வழியாக இணையுங்கள். இயங்குதளம் மடிக்கணினியின் உள்தட்டிலும், குடும்பத் தரவுகள் புதிய வன்தட்டிலும் இருக்கட்டும்.

5. ரவுட்டரின் அமைப்பில் சேமிப்பகத்திற்கு மாறாத முகவரி ஒன்றை ஒதுக்குங்கள். வீட்டு எண் நாள்தோறும் மாறினால் அஞ்சல்காரர் என்ன செய்வார்? கணினிகளுக்கும் அதே சிக்கல்தான்.

6. குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்குங்கள். பொதுக் கோப்புறை ஒன்றும், தனிக் கோப்புறைகளும் அமையுங்கள்.

7. இடிமின்னல் மிகுந்த நம் நாட்டில், மின்னழுத்தப் பாதுகாப்புள்ள நீட்டிப்பு மின்செருகியைப் பயன்படுத்துவது அவசியம். சேமிப்பகத்தைத் தரையில் வைக்காமல், காற்றோட்டமான உயர்ந்த இடத்தில் வையுங்கள்.

விண்டோஸ் கணினியும் லினக்ஸ் சேமிப்பகமும் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிர்வதற்குச் சாம்பா என்னும் மென்பொருள் உதவுகிறது. ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், 1991ஆம் ஆண்டின் இறுதியில் இதை எழுதத் தொடங்கினார். முதலில் வைத்த பெயரைப் பயன்படுத்த முடியாமற்போனதும், எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொற்களைக் கணினியில் இருந்த அகராதியில் தேடினார். அப்படிக் கிடைத்த பெயர்தான் சாம்பா. ஒரு மாணவர் எழுதி, உலகத்திற்கு இலவசமாக வழங்கிய மென்பொருள் இன்று எண்ணற்ற வீடுகளில் இயங்குகிறது.

சேமிப்பு வேறு, பாதுகாப்பு வேறு

பெட்டகம் இயங்கத் தொடங்கியதும் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். இங்குதான் கவனம் தேவை.

1988ஆம் ஆண்டில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் ஆகிய மூவரும், விலை குறைந்த பல வன்தட்டுகளை ஒன்றாக இயங்கச் செய்வதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். ரெய்டு எனப்படும் இம்முறையின் ஒரு வகையில், ஒரு வன்தட்டில் எழுதப்படுவது மற்றொன்றிலும் அப்படியே எழுதப்படும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

ஆனால், கண்ணாடி நல்லதையும் காட்டும், கெட்டதையும் காட்டும். ஒரு படத்தைத் தவறுதலாக அழித்தால், அது இரண்டு வன்தட்டுகளிலிருந்தும் உடனே மறையும். நச்சுநிரல் தாக்கினால் இரண்டுமே தாக்கப்படும். வெள்ளநீருக்கு ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு வன்தட்டுகளும் ஒன்றுதான்.

ஆகவே, அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் கிரோக் பரப்பிய "மூன்று, இரண்டு, ஒன்று" என்னும் விதியை நினைவிற்கொள்வோம். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று படிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வகையான கருவிகளில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். திறன்பேசியில் ஒன்று, வீட்டுச் சேமிப்பகத்தில் ஒன்று, அத்தை வீட்டில் வைத்திருக்கும் வன்தட்டில் ஒன்று என அமைத்துக்கொள்ளலாம். இடம் போதவில்லை என்று திறன்பேசியிலிருந்து படத்தை அழித்தால், மூன்று இரண்டாகக் குறைந்துவிடும் என்பதை மறக்கக்கூடாது. முக்கியமானவற்றுக்கு மேகச் சேமிப்பை மூன்றாம் படியாகக் கொள்ளலாம்.

நாம் இரண்டாவது வன்தட்டை வாங்கச் சொன்னதன் காரணம் இதுவே. பணம் குறைவாக இருந்தால் வேகமான கணினிக்கும் அழகான பெட்டிக்கும் செலவிட வேண்டா. இரண்டாவது வன்தட்டுக்குச் செலவிடுங்கள். மாதம் ஒருமுறை சேமிப்பகத்தில் உள்ளவற்றை அதில் படியெடுத்து, மறையாக்கம் செய்து, உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

இந்த வழி தமிழர்க்குப் புதிதன்று. பனையோலை நிலையானதன்று, கறையானும் ஈரமும் அதை அரித்துவிடும். நம் பழைய நூல்கள் நம் கைக்கு வந்ததற்குக் காரணம், பல தலைமுறையினர் அவற்றை மீண்டும் மீண்டும் படியெடுத்துப் பல ஊர்களில் வைத்திருந்ததே. உ. வே. சாமிநாதையர் பல இடங்களில் கிடைத்த ஏட்டுப் படிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தே 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். படியெடுக்கப்படாமல் அழிந்த நூல்களும் உண்டு. அவற்றுள் பலவற்றின் பெயர் மட்டுமே இன்று எஞ்சியுள்ளது.

காப்பவரின் கடமை

வெளியூரில் இருக்கும்போதும் படங்களைப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சிலர் சேமிப்பகத்தை இணையத்திற்கு நேரடியாகத் திறந்துவிடுகின்றனர். இது வாசற்கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பயணம் போவதற்கு ஒப்பாகும். 2022ஆம் ஆண்டில், இவ்வாறு திறந்திருந்த ஆயிரக்கணக்கான சேமிப்பகங்களில் புகுந்த பணயநிரல், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. சேமிப்பகத்தை வீட்டு வலையமைப்பிற்குள் மட்டும் வைத்திருப்பதும், மென்பொருளை அவ்வப்போது புதுப்பிப்பதும் எளிய பாதுகாப்பு முறைகளாகும்.

படியெடுத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து மீட்க முடிகிறதா எனவும் சோதிக்க வேண்டும். மாதம் ஒருமுறை, இரண்டாவது வன்தட்டிலிருந்து ஏதேனும் ஐந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறக்காத படி இருந்தும் இல்லாததே.

இறுதியாக, இயந்திரம் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. பழைய படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பது பாட்டிக்குத்தான் தெரியும். அவர் அருகில் அமர்ந்து, ஒவ்வொரு படத்தின் பெயரிலும் நாளையும் ஆட்களின் பெயர்களையும் எழுதுங்கள். இல்லையென்றால், படம் பத்திரமாக இருக்கும். அதில் இருப்பவர் யாரென்று சொல்ல ஆளிருக்காது.

அருஞ்சொற்பொருள்

படி – மூலத்தைப் பார்த்து எடுத்த நகல்
விரலி – கோப்புகளை எடுத்துச் செல்ல உதவும் விரலளவுக் கருவி
மறையாக்கம் – கடவுச்சொல் இன்றிப் பிறர் படிக்க முடியாதவாறு தரவை மாற்றுதல்
நச்சுநிரல் – கணினிக்குத் தீங்கு செய்யும் நிரல்
பணயநிரல் – கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நச்சுநிரல்

கருத்துணர்தல்

1. மேகச் சேமிப்பை மட்டும் நம்பியிருப்பது ஏன் போதாது?
2. இலவசமாகக் கிடைத்த பழைய மேசைக்கணினி எவ்வாறு செலவு மிக்கதாக மாறக்கூடும்? கணக்குடன் விளக்குக.
3. "கண்ணாடி நல்லதையும் காட்டும், கெட்டதையும் காட்டும்." இவ்வரி எதனைக் குறிக்கிறது?
4. பனையோலைச் சுவடிகளைப் பற்றிய செய்தி இப்பகுதியின் மையக்கருத்துக்கு எவ்வாறு துணைசெய்கிறது?
5. "சேமிப்பு வேறு, பாதுகாப்பு வேறு." இக்கூற்றை உம் சொந்த நடையில் விளக்குக.

நடவடிக்கை

உங்கள் குடும்பம் ஓராண்டில் எடுக்கும் படங்களையும் காணொளிகளையும் மதிப்பிட்டுத் தேவையான இடத்தைக் கணக்கிடுக. பின்னர், மூன்று படிகளை எங்கெங்கு வைக்கலாம் எனக் குடும்பத்தாருடன் கலந்துரையாடி, 80 சொற்களில் ஒரு திட்டம் எழுதுக.