பர்னாந்து எந்த ஊர்ப் பெயர்?

எங்கள் வகுப்பில் சேர்ந்திருக்கும் தூத்துக்குடி மாணவியின் பெயருக்குப் பின்னால் 'பர்னாந்து' என்று இருக்கிறது. அது ஸ்பானியக் குடும்பப் பெயராமே? அவர்கள் வெளிநாட்டு வம்சமா?
– கல்லூரி மாணவி, அன்னவாசல்

இல்லை, முத்துக்குளித்துறைத் தமிழ்ப் பெண்தான். 1530களில் அந்தக் கரையின் கடலோடிகளான பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி, ஊர் ஊராகக் கத்தோலிக்கம் தழுவினார்கள். ஞானஸ்நானத்தோடு வந்து ஒட்டிக்கொண்டவைதான் பர்னாந்து, கர்வாலோ, மச்சாது, கோமஸ் எல்லாம். பர்னாந்துவின் ஸ்பானிய வடிவமான பெர்னாண்டோ, ஸ்பெயினில் பெரும்பாலும் இடுபெயர். 'பெர்னாண்டோவின் மகன்' எனும் பெர்னாண்டஸ்தான் அங்கே குடும்பப் பெயர். வேர் பழைய ஜெர்மானிய மொழியில். துணிச்சலான பயணி என்று பொருள் சொல்வார்கள். கடலோடிகளுக்கு எவ்வளவு பொருத்தம்! இலங்கையில் சிங்களவரிடமும் பர்னாந்து மிகப் பரவலான பெயர். தூத்துக்குடி போனால் குரூஸ் பர்னாந்து சிலையைப் பாருங்கள். நகராட்சித் தலைவராக இருந்து, வல்லநாட்டிலிருந்து ஊருக்குத் தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்தவர் அவர்.