தங்கையைப் பேச்சுப் போட்டிக்கு ஆயத்தம் செய்வது எப்படி?

ஆண்டுதோறும் நவம்பர் முதல் நாள் புதுச்சேரி விடுதலை நாள். அதையொட்டி நம் பள்ளியின் தொடக்கநிலைப் பிரிவில் பேச்சுப் போட்டி நடைபெறுவது வழக்கம். "தேங்காய்த்திட்டிலிருந்து வரும் சிறுமிகளை நீங்கள் மூவரும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சிஸ்டர் சொன்னபோது, பத்தாம் வகுப்புப் பாடச்சுமையையும் மறந்து பெருமையோடு தலையாட்டினோம். சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது என்ன பெரிய காரியம் என்பதுதான் அப்போது எங்கள் எண்ணம்.

முதல் வாரமே தவறு செய்தோம். கடையில் விற்கும் பேச்சுப் புத்தகம் ஒன்றிலிருந்து சுதந்திர தின உரையை எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, ஐந்து பிள்ளைகளுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டோம். மூன்றாம் வகுப்புத் தங்கை ஒருத்தி இரண்டே நாளில் மனப்பாடம் செய்து வந்து, கண்களை மேலே செருகிக்கொண்டு ஒரே மூச்சில் ஒப்பித்தாள். "1947ஆம் ஆண்டு ஆங்கிலேயரிடமிருந்து நம் புதுச்சேரி விடுதலை பெற்றது!" என்று முழங்கினாள். திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவளுடைய ஆயா நிமிர்ந்து பார்த்து, "இங்க ஏதுடி இங்கிலீஷ்காரன்? இங்க இருந்தவன் பிரெஞ்சுக்காரன்" என்றார். ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் மூவருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. குழந்தை பிழையாகப் பேசவில்லை. நாங்கள் கொடுத்த பிழையைத்தான் அழகாகப் பேசினாள்.

மறுநாள் வரலாற்று ஆசிரியையிடம் போய் நின்றோம். 1947 ஆகஸ்டு 15 அன்று இந்தியா விடுதலை பெற்றபோதும் புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகியவை பிரெஞ்சு ஆட்சியின் கீழேயே இருந்தன. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1954 அக்டோபர் 18 அன்று, கீழூர் என்னும் சிற்றூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். வாக்களித்தவர் 178 பேர். இந்தியாவோடு இணைய வேண்டும் என்றவர் 170 பேர். வேண்டாம் என்றவர் 8 பேர். அந்த நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. ஆனால் சட்டப்படியான இணைப்பு முழுமை பெற 1962 ஆகஸ்டு 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பழைய தாள்களைக் கிழித்துப் போட்டோம்.

இனி எழுதிக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். எட்டு வயதுப் பிள்ளைக்கு 178 என்பது வெறும் ஓசை. ஆகையால் ஆயாவிடம் புளியங்கொட்டை வாங்கி, தங்கையையே 178 கொட்டைகளை எண்ணித் தரையில் கொட்டச் சொன்னோம். பிறகு எட்டை மட்டும் தனியே எடுத்து வைக்கச் சொன்னோம். பெரிய குவியலையும் சிறிய குவியலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பேர் வேணும்னாங்களா அக்கா!" என்றாள். அந்த வியப்பையே அப்படியே பேச்சில் சொல்லும்படி கூறினோம். அவள் சொல்லச் சொல்ல, அவளுடைய சொற்களிலேயே குறித்துக்கொண்டோம். பிழை திருத்தியது மட்டுமே எங்கள் வேலை. மூன்று நிமிடப் பேச்சுக்கு ஒரு பக்கத்துக்குச் சற்று மேல் போதுமானதாக இருந்தது. தலைமை தாங்குபவர் முதல் கடைசி நடுவர் வரை தனித்தனியே வணக்கம் சொல்லும் வழக்கத்தையும் விட்டுவிட்டோம். கடிகாரம் வைத்துப் பார்த்தால் அதற்கே அரை நிமிடம் போய்விடுகிறது! "அவையோர் அனைவருக்கும் வணக்கம்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

உச்சரிப்புதான் எங்களை அதிகம் வாட்டியது. 'கீழூர்' எல்லார் வாயிலும் 'கீலூர்' ஆகிவிடும். 'எழுபது' என்பது 'எலுபது'. அதட்டிப் பயனில்லை, நாக்கு எங்கே போக வேண்டும் என்று காட்ட வேண்டும். ல சொல்லும்போது நாக்கின் நுனி மேல்பல்லின் அடியைத் தொடுகிறது. ள சொல்லும்போது நாக்கு பின்னால் வளைந்து மேலண்ணத்தை ஒட்டுகிறது. ழ சொல்லும்போதும் வளைகிறது; ஆனால் ஒட்டுவதில்லை. கையில் ஒரு சிறு கண்ணாடியைக் கொடுத்து வாயைத் திறந்து பார்க்கச் சொன்னோம். முதலில் ஒரே சிரிப்பு. நான்காம் நாள், "கீழூரில் மக்கள் வாக்களித்தார்கள்" என்ற வாக்கியம் மூன்று பிள்ளைகளுக்குத் திருத்தமாக வந்தது. முன்பல் விழுந்திருந்த ஒருத்திக்கு மட்டும் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. பல் முளைக்கட்டும்!

குரல் எழுப்பப் பழகுவதற்கு எங்கள் ஊரே உதவியது. துறைமுகத்தில் மீன் ஏலம் விடுபவர்கள் அத்தனை இரைச்சலிலும் தொண்டை கட்டாமல் கூவுகிறார்களே, எப்படி? வயிறு நிறைய மூச்சை இழுத்து, ஒரு விலையைச் சொல்லி நிறுத்தி, மறுபடியும் மூச்சு வாங்குகிறார்கள். பிள்ளைகளுக்கு இது தெரிந்த காட்சி என்பதால் உடனே பிடித்துக்கொண்டார்கள். ஆயாவுக்குக் காது சற்று மந்தம். அவரைத் தெருக்கோடித் திண்ணையில் உட்கார வைத்து, அவருக்குக் கேட்டால் போதும் என்றோம்.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறோம், மன்னிக்கவும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள், திடீரென்று வாயே திறக்கவில்லை. மெதுவாக விசாரித்தால், "பரிசு வாங்காம வந்தா பாரு" என்று வீட்டில் விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார்கள். விளையாட்டு அவளுக்குப் புரியவில்லை. அவளுடைய அம்மாவிடம் நாங்களே போய்ப் பேசினோம். அவரும் வருந்தி, மகளைக் கட்டிக்கொண்டு, "நீ பேசினாப் போதும்டா" என்றார். அதன் பிறகே பேச்சு திரும்பியது.

போட்டியன்று மூன்றாம் வகுப்புத் தங்கை நடுவிலே மறந்துவிட்டாள். மேடையின் ஓரத்தில் நின்ற எங்களுக்குக் கை சில்லிட்டது. அவளோ சிறிது நேரம் சும்மா நின்றாள். பிறகு, "எங்க வீட்டுல புளியங்கொட்டை வச்சு எண்ணிப் பார்த்தேன்" என்று தொடங்கி, எழுதிய தாளில் இல்லாத சொற்களால் கணக்கை முழுவதும் சொல்லி முடித்தாள். எழுபதில் ழகரம் சரியாக வந்தது. மூன்றாம் பரிசு கிடைத்தது. ஒரு டிபன் பாக்ஸ்.

அடுத்த ஆண்டு பாரதியாரைப் பற்றிப் பேச வேண்டுமாம், இப்போதே கேட்கிறாள். பாரதியார் 1908 முதல் 1918 வரை நம் ஊரில்தான் இருந்தார். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறோம். ஆயாவும் வருகிறாராம்.