காலித் தொட்டி காலியானதல்ல

மாணவர்களே, பூன் லே வட்டாரத்தின் பலமாடி வாகன நிறுத்துமிடம் ஒன்றில், தார்ப்பாய் போர்த்திய பழைய ஸ்கூட்டரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தாத்தா ஓட்டிய வண்டி. விற்க மனமில்லை, ஓட்டவும் நேரமில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு வீட்டில் ஒருவர் அதற்குப் புதிய பெட்ரோல் ஊற்றி உதைத்துப் பார்க்கிறார். இயந்திரம் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடுகிறது. எரிபொருள் தொட்டியின் மூடியைத் திறந்து கைவிளக்கு அடித்தால், உள்ளே எங்கும் செம்பழுப்பு நிறத்தில் துரு!

சிங்கப்பூரில் 35 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களைச் சிறப்புத் திட்டத்தின்கீழ் வைத்திருக்கலாம். ஆனால், அவற்றை ஆண்டில் குறிப்பிட்ட சில நாள்கள் மட்டுமே சாலையில் ஓட்ட முடியும். மற்ற நாள்களில் அவை நின்றுகொண்டே இருக்கும். ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டியின் தொட்டிதான் எளிதில் துருப்பிடிக்கும். ஏன் தெரியுமா?

பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர்

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் தேவை. பெட்ரோல் நிறைந்த தொட்டியில் இவற்றுக்கு இடம் மிகக் குறைவு. பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்தைக் காற்று நிரப்புகிறது. நம் ஊர்க் காற்று எப்படிப்பட்டது? விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது இங்கு வழக்கம்.

பகலில் தொட்டி சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து, மூடியில் உள்ள சிறு துளை வழியாக வெளியேறும். இரவில் குளிரும்போது வெளியிலிருந்து ஈரக்காற்று உள்ளே நுழையும். தொட்டி இப்படி நாள்தோறும் மூச்சு விடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் சேரும் நீர் மிகமிகக் குறைவு. ஆனால் ஆண்டுக்கணக்கில் இது நடக்கிறது. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் மழைநீரும் கசிந்து உள்ளே இறங்கும்.

தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் பெட்ரோலின் அடர்த்தி ஏறத்தாழ 0.75. அதனால் தண்ணீர் அடியில் தங்கிவிடுகிறது. பழைய தொட்டிகளில் அடிப்பகுதியில் முதலில் ஓட்டை விழுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

அலுமினியத்தின் மேல் உருவாகும் ஆக்சைடு இறுக்கமாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கும். இரும்புத் துரு அப்படியன்று. அது பொருபொருவென்று உதிரும். புதிய இரும்பைக் காற்றுக்குக் காட்டும். உதிர்ந்த துகள்கள் எரிபொருளோடு கார்புரேட்டருக்குள் போகின்றன. அங்கே பெட்ரோல் பாயும் துளையின் அளவு சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். ஒரு துகள் போதும், அடைத்துக்கொள்ளும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

“சரி, பெட்ரோலைக் கொட்டிவிட்டு, ஓட்டை விழுந்த இடத்தைப் பற்றவைத்துவிடலாமே?” என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் எச்சரிக்கை தேவை.

பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது தீப்பற்றும். திரவ பெட்ரோல் உள்ள மூடிய தொட்டியில் ஆவி பெரும்பாலும் இந்த அளவைவிட அதிகம். எரியத் தேவையான காற்று அங்கே போதாது. தொட்டியைக் காலி செய்ததும் காற்று உள்ளே வந்து ஆவியோடு கலந்து, சரியாக எரியக்கூடிய அளவுக்கு அதைக் கொண்டுவந்துவிடுகிறது. 10 லிட்டர் தொட்டியில் அந்த நிலை உருவாக, சுமார் 1 மில்லிலிட்டர் பெட்ரோல் ஆவியானால் போதும். அது ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு! துருவின் நுண்துளைகளிலும் தகடுகள் இணையும் மடிப்புகளிலும் அதைவிட அதிகமாகவே ஒளிந்திருக்கும்.

இதன் கொடுமையைப் பூன் லேக்கு அருகிலேயே நம் நாடு கண்டிருக்கிறது. 1978ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி, ஜூரோங் கப்பல் பட்டறையில் ‘ஸ்பைரோஸ்’ என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பலில் பழுதுபார்ப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. மதிய உணவு முடிந்து ஊழியர்கள் வேலைக்குத் திரும்பியிருந்தனர். அப்போது கப்பலின் எரிபொருள் தொட்டி ஒன்று வெடித்தது. 76 பேர் உயிரிழந்தனர். கப்பல் எரிபொருள் எளிதில் ஆவியாகாதது. ஆனால், அந்தத் தொட்டியில் கச்சா எண்ணெய் கலந்திருந்ததால் தீப்பற்றும் ஆவி உருவாகியிருந்தது. உலோகம் வெட்டும் சுடரிலிருந்து தெறித்த பொறி அதைப் பற்றவைத்தது என்று விசாரணையில் தெரியவந்தது.

இன்று கப்பல் பட்டறைகளில் இத்தகைய வேலை தொடங்குமுன், கருவி கொண்டு தொட்டிக்குள் ஆவியின் அளவைச் சோதித்து, அனுமதிச் சீட்டு வழங்குகிறார்கள். கப்பல் தொட்டிக்கும் ஸ்கூட்டர் தொட்டிக்கும் அளவில்தான் வேறுபாடு, அறிவியல் ஒன்றே. எனவே, தொட்டியைப் பற்றவைப்பதும் அதற்காகச் சுத்தப்படுத்துவதும் பயிற்சி பெற்ற பட்டறைக்காரரின் வேலை. வீட்டிலோ புளோக்கின் நடைபாதையிலோ முயலக்கூடாது. பழைய பெட்ரோலைக் கால்வாயில் ஊற்றவும் கூடாது.

துருவை நீக்கும் வழிகள்

பட்டறையில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். முதலில் பெட்ரோலை வடித்து, சோப்பு நீரால் பலமுறை கழுவுகிறார்கள். பிறகு சிறு சங்கிலித் துண்டுகளை உள்ளே போட்டுக் குலுக்கி, உதிரும் துருவை வெளியேற்றுகிறார்கள்.

ஒட்டியிருக்கும் துருவுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அமிலம். எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலமே துருவைக் கரைத்துவிடும். ஆனால் அதிக நேரம் விட்டால் அமிலம் நல்ல இரும்பையும் அரிக்கும். அதனால், வேலை முடிந்ததும் சமையல் சோடா கரைத்த நீரால் அமிலத்தை நடுநிலையாக்க வேண்டும்.

மற்றொன்று மின்னாற்பகுப்பு. தொட்டியில் சலவைச் சோடாக் கரைசலை நிரப்பி, நடுவில் தொட்டியைத் தொடாதபடி ஓர் இரும்புக் கம்பியைத் தொங்கவிடுகிறார்கள். தொட்டியை 12 வோல்ட் மின்சாரத்தின் எதிர்முனையுடனும் கம்பியை நேர்முனையுடனும் இணைக்கிறார்கள். துரு இளகி உதிரும். நல்ல இரும்பு அப்படியே இருக்கும். அப்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் காற்றோட்டமான இடத்தில்தான் இதைச் செய்வார்கள். ஹைட்ரஜனும் தீப்பற்றக்கூடியது அல்லவா?

துரு நீங்கிய இரும்பு அவசரக்காரன். ஈரத்தோடு விட்டால் சிறிது நேரத்திலேயே மெல்லிய துரு மீண்டும் படரும். அதனால், அலசியவுடன் சூடான காற்றைச் செலுத்தித் தொட்டியை முழுமையாக உலர்த்துகிறார்கள்.

பூச்சு ஒரு தோல்தான்

பெட்ரோலில் கரையாத எபாக்ஸி போன்ற பூச்சைக் கடைசியில் உள்ளே ஊற்றி, தொட்டியை எல்லாப் பக்கமும் மெதுவாகச் சுழற்றுகிறார்கள். எல்லா இடத்திலும் படிந்ததும் மிச்சத்தை வடித்துவிட்டு, இறுகும்வரை காத்திருக்கிறார்கள். அது முழுமையாக இறுக நாள்கணக்கில் ஆகலாம்.

இந்தப் பூச்சு ஊசிமுனைத் துளைகளை அடைக்கும். ஆனால் அது தோல்தானே தவிர எலும்பு அல்ல. தகடே மெலிந்துபோயிருந்தால் அந்தப் பகுதியை மாற்ற வேண்டும். துருவை நீக்காமல் பூசினால் இன்னும் மோசம். துரு உதிரும்போது பூச்சும் சேர்ந்து உரிந்து, குழாயை அடைத்துவிடும்.

இதையெல்லாம் தவிர்க்க எளிய வழி, நீண்டநாள் நிற்கும் வண்டியின் தொட்டியை ஏறக்குறைய நிரப்பியே வைப்பதுதான். ஜோகூருக்குச் செல்லும் சிங்கப்பூர்க் கார்களில் முக்கால் தொட்டி பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதன் நோக்கம் வேறு என்றாலும், தொட்டிக்கு அது நல்லதே!

செய்து பார்ப்போம்

துருப்பிடித்த மூன்று ஆணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கையுறை அணியுங்கள், பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்.

1. முதல் ஆணியின் துரு மேலேயே நகப்பூச்சைப் பூசுங்கள்.
2. இரண்டாவதை எலுமிச்சைச் சாற்றில் ஓர் இரவு ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். பூச்சு வேண்டாம்.
3. மூன்றாவதையும் அப்படியே ஊறவைத்துத் தேயுங்கள். பிறகு சமையல் சோடா நீரில் அலசி, நன்கு உலர்த்தி, நகப்பூச்சைப் பூசுங்கள்.

பூச்சு காய்ந்ததும் மூன்றையும் ஈரத்துணியில் தனித்தனியே சுற்றி வையுங்கள். ஒரு வாரம் கழித்து, எதில் துரு அதிகம், எதில் பூச்சு உரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சிந்திக்க

• பாதி நிரம்பிய தொட்டி, முழுதும் நிரம்பிய தொட்டி: ஓராண்டு நிறுத்தி வைத்தால் எது அதிகம் துருப்பிடிக்கும்? காரணம் என்ன?

• “தொட்டியில் ஒரு சொட்டுகூட இல்லை, பயப்படாமல் பற்றவைக்கலாம்” என்று ஒருவர் சொன்னால், அவருக்கு என்ன விளக்கம் தருவீர்கள்?