கை பருக்கவில்லை, பலம் மட்டும் கூடியது எப்படி?

நீங்கள் எடைப்பயிற்சி தொடங்கி மூன்று வாரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் 5 கிலோ டம்பெல்லை எட்டு முறை தூக்கவே திணறினீர்கள்; இப்போது பன்னிரண்டு முறை தூக்குகிறீர்கள். ஆனால், அளந்து பார்த்தால் கையின் சுற்றளவு அப்படியே இருக்கிறது. கூடுதல் பலம் எங்கிருந்து வந்தது?

நரம்பு மண்டலத்திலிருந்துதான்! தசை இழைகள் நரம்பின் கட்டளைக்கு இயங்குபவை. பழக்கமில்லாதவர் முழுமூச்சாகத் தூக்கினாலும் எல்லா இழைகளும் ஒருசேர வேலைக்கு வருவதில்லை. பயிற்சி தொடரத் தொடர, நரம்புகள் அதிக இழைகளை விரைவாக இயக்கப் பழகுகின்றன. மொரிட்டானி, டிவ்ரீஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1979இல் இதை அளந்து காட்டினர். ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால், சும்மா இருந்த மறு கையும் ஓரளவு பலம் பெறுகிறது. வேடிக்கையாக இல்லையா?

தசை பருப்பது மெதுவான வேலை. ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் ஓரிரு நாள் தசையில் புரத உற்பத்தி கூடும், பிறகு தணியும். இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்ந்துதான் இழைகள் தடிக்கின்றன. கண்ணுக்குத் தெரிய ஏறக்குறைய இரண்டு மாதமாவது ஆகும். அதற்கான புரதம் முட்டை, மீன், தெம்பே, பருப்பிலேயே கிடைக்கிறது.

பொறுமையிழந்து ஸ்டீராய்டு ஊசியை நாடுவோரும் உண்டு. வளரும் வயதில் அது எலும்பின் வளர்ச்சித் தட்டுகளை முன்கூட்டியே மூடிவிடும். அதன்பின் உயரம் கூடாது.