கிணற்று நீச்சலிலிருந்து குளிர்நீருக்கு: முதன்முறை டிரைசூட் அணிவோருக்கு ஒரு வழிகாட்டி

பந்தல்குடி, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் இடம் அபூர்வம். ஆனாலும் நல்ல மழை பெய்து கிணறு பெருகிவிட்டால் பிள்ளைகள் நீச்சல் பழகிவிடுவார்கள். முதுகில் பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு இறங்கும் பிள்ளை, கொஞ்ச நாளில் மோட்டார் ரூம் மேலிருந்து குதித்து, முங்கிப் போய் அடிமண்ணை அள்ளி வந்து காட்டும். இப்படி வளர்ந்தவர்கள் படிப்பு, வேலை என்று டொரண்டோவுக்கும் லண்டனுக்கும் போனபிறகு சிலிண்டர் காற்றோடு முங்கும் ஸ்கூபாவில் இறங்க ஆசைப்படுவது இயல்புதான். ஆனால் அங்கே காத்திருப்பது குளிர்நீர்; அதில் இறங்க டிரைசூட் வேண்டும். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

டிரைசூட் எங்கே தேவை?

தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கத்தில் மன்னார் வளைகுடாத் தண்ணீர் வெதுவெதுப்பானது. அங்கே வெட்சூட் என்ற உடையே தாராளம். வெட்சூட்டுக்குள் தண்ணீர் புகும். டிரைசூட் கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுகி, தண்ணீரை வெளியிலேயே நிறுத்திவிடும். ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் தண்ணீர் வருஷம் முழுக்க 2 முதல் 4 டிகிரி செல்சியஸ்தான். அங்கே டிரைசூட் இல்லாமல் ஸ்கூபாவில் இறங்க அனுமதி இல்லை. கனடாவில் 1987-ல் அமைந்த ஃபேதம் ஃபைவ் கடல் பூங்காவில், டோபர்மோரி ஊரையொட்டி, இருபதுக்கும் மேற்பட்ட மூழ்கிய கப்பல்கள் கிடக்கின்றன. அங்கே கோடையிலும் ஆழத்தில் தண்ணீர் சில்லிட்டே இருக்கும். காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உடல் சூட்டை உறிஞ்சும். குளிரில் விரல் மரத்துப்போனால் உடையின் காற்று வால்வைக்கூட அழுத்த முடியாது.

1. முதலில் அடிப்படைப் பயிற்சி

ஸ்கூபாவின் தொடக்கநிலைச் சான்றிதழுக்கு 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். கிணற்றில் பழகியவருக்கு இது பெரிய காரியமில்லை. ஊரில் இருக்கும்போதே புதுச்சேரியில் இந்தப் பயிற்சியை முடித்துக்கொள்ளலாம்.

ஆனால் கிணற்றில் பழகிய ஒன்றை அடியோடு விட்டாக வேண்டும்: மூச்சடக்குவது. கிணற்றில் நாம் மேலே இழுத்த மூச்சோடு இறங்குகிறோம். அது கீழே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பிவிடும். ஸ்கூபாவில் 10 மீட்டர் ஆழத்தில் சிலிண்டர் காற்றை இழுக்கிறோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். எந்த நிலையிலும் மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்குப் பிறகுதான் டிரைசூட் பயிற்சி. முதல் வகுப்பை நீச்சல் குளத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

2. அளவு பார்த்தல்

வாடகை உடையாக இருந்தாலும் கரையில் போட்டுப் பாருங்கள். குந்தி உட்கார முடிய வேண்டும். நெஞ்சில் உள்ள, காற்றை உள்ளே விடும் வால்வும் இடது புயத்தில் உள்ள வெளியேற்று வால்வும் கைக்கு எட்ட வேண்டும். கழுத்துப்பட்டை இறுகித் தலை கிறுகிறுத்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். வேறு உடை கேளுங்கள்.

3. உள்ளே என்ன போடுவது?

பருத்தி பனியன் வேண்டாம். அது வியர்வையைப் பிடித்து வைத்து உடம்பைக் குளிர வைக்கும். கம்பளி அல்லது ஃப்ளீஸ் துணியே சரி. தண்ணீரைத் தடுப்பது மேலுடை; சூட்டைக் காப்பது உள்ளுடையும் அதற்குள் தங்கும் காற்றும்.

4. போட்டுக்கொள்வது

மணிக்கட்டில் கோயில் கயிறு இருந்தால் கழற்றிவிடுங்கள், அல்லது உடையின் மணிக்கட்டுப் பட்டைக்கு வெகு மேலே ஏற்றிவிடுங்கள். பட்டைக்கு அடியில் ஒரு நூல் கிடந்தாலும் அதன் வழியே தண்ணீர் கசியும். சங்கிலி, தோடு, மோதிரம் எல்லாம் கரையிலேயே இருக்கட்டும். அன்றைக்குத் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்காதீர்கள். லேடெக்ஸ் பட்டையை எண்ணெய் அரித்துவிடும்.

பட்டையில் வாசனையில்லாத டால்கம் பவுடரைத் தடவி, விரலைத் தட்டையாக வைத்து இழுங்கள். நகம் பட்டால் கிழியும். ஜிப்பை முழுக்க மூடிவிட்டு, கடைசி நுனியை இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு குந்தி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, கழுத்துப்பட்டையை விரலால் லேசாக விலக்கி உள்காற்றை வெளியேற்றுங்கள்.

5. ஈயம்

உள்ளுடையும் காற்றும் மேலே தூக்குவதால், மூழ்குவதற்கு வெட்சூட்டைவிடச் சில கிலோ ஈயம் கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்பதைத் தண்ணீரில் மிதந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தேவைக்கு மேல் கட்டினால், அதை ஈடுகட்ட உடைக்குள் காற்றைக் கூட்ட வேண்டி வரும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

6. இறங்குவது

மேல்மட்டத்தில் மிதக்க மிதவை ஜாக்கெட்டைப் பயன்படுத்துங்கள். இறங்க இறங்க உடை உடம்போடு ஒட்டி, மடிப்புகள் சதையைக் கவ்வும். அப்போது நெஞ்சு வால்வைத் தட்டித் தட்டி அழுத்தி, கவ்வல் விடும் அளவுக்கு மட்டும் காற்று விடுங்கள். ஒரேயடியாக அழுத்திப் பிடிக்காதீர்கள். காதில் வலி வரும் முன்பே மூக்கைப் பிடித்து அழுத்தத்தைச் சமன் செய்யுங்கள்.

7. காற்றை ஆள்வது

டிரைசூட்டின் முழு வித்தையும் இதுதான். கொத்தனாரின் ரசமட்டத்துக் குமிழி போல, உடைக்குள் இருக்கும் காற்று எப்போதும் மேடான இடத்துக்கே ஓடும். கால் மேலே போனால் காற்று காலுக்குப் போய், உங்களைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு மேலே கிளம்பிவிடும். வெளியேற்று வால்வோ புயத்தில் இருக்கிறது. முழங்காலை நெஞ்சோடு மடக்கி உருண்டு, தலை மேலே வந்ததும் இடது முழங்கையை உயர்த்திக் காற்றை விடுங்கள். ஆழமில்லாத நீரில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போதே, இது கைவரும் வரை செய்து பாருங்கள்.

8. ஏறுவது

ஏறும் முன்பே வெளியேற்று வால்வை முழுக்கத் திறந்து வையுங்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நில்லுங்கள்.

9. கோளாறு வந்தால்

நெஞ்சு வால்வு சிக்கிக் காற்று கொட்டினால், அதற்குக் காற்று கொண்டுவரும் குழாயை உடனே கழற்றிவிட்டு, புயத்தை உயர்த்திக் காற்றை வெளியேற்றுங்கள். கையுறையோடு கழற்றக் கரையிலேயே பழகுங்கள். உடைக்குள் தண்ணீர் புகுந்தால் அது உங்களைக் கீழே இழுக்காது. ஆனால் குளிரும், கரையேறும்போது கனக்கும். பதறாமல் மேலே வந்துவிடுங்கள்.

10. முடிந்தபின்

நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காய வைத்து, பித்தளை ஜிப்புக்கு மெழுகு தேயுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட முறை இறங்கியிருந்தால், 18 மணி நேரமாவது கழித்தே விமானம் ஏறுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு ஊர் வந்ததும் கைவிட்ட சுண்ணாம்புக்கல் குவாரிக் குட்டையில் இதைச் செய்துகாட்ட நினைக்காதீர்கள். அடியில் என்ன கிடக்கிறதென்று தெரியாது, கரை செங்குத்து, உதவிக்கு ஆள் இருக்காது. எந்த ஊரானாலும், உங்களைவிட அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் டிரைசூட்டில் இறங்காதீர்கள்.