நகரமன்றத் தீர்மானமும் நெசவாளர் தறியும்

மழைநீர் குழித்தறியில் புகுந்தால் பாவு நனையும், வேலை நிற்கும், கூலியும் நிற்கும். “நகரமன்றத்தில் வடிகால் பற்றிப் பேசினார்களே, என்னவாயிற்று?” என்று அங்கத்தினர்கள் வினவுவதை நாம் பார்வையிடச் செல்லும் சங்கங்களில் கேட்டிருக்கிறோம்.

பேச்சு வேறு, முடிவு வேறு. நமது பொதுக்குழுவைப் போலவே நகரமன்றத்திலும் பொருள் நிரலில் இடம்பெற்று, விவாதிக்கப்பட்டு, பெரும்பான்மையோரால் நிறைவேறி, பதிவேட்டில் எழுதப்பட்டதே தீர்மானம் ஆகும். அதற்கு நிதியும் ஒதுக்கப்பட்டால்தான் வேலை நடக்கும்.

1992-இல் நிறைவேறி, 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பொருள்களை வரிசைப்படுத்தியுள்ளது. குடிநீர், பொதுச் சுகாதாரம், சாலை, தெருவிளக்கு ஆகியவை அவற்றுள் அடங்கும்.

ஆகவே, அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை மூன்று:

1. ஏப்ரலில் தொடங்கும் ஆண்டிற்கு வரவு செலவுத் திட்டம் வகுக்கப்படுமுன், தெருவார் அனைவரும் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை வார்டு உறுப்பினரிடம் அளித்தல்.

2. அதன் நகலையும், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையையும் பாதுகாத்தல்.

3. கூட்டம் முடிந்தபின் தீர்மானத்தின் நகலைக் கேட்டல். தர மறுத்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணை நிற்கும்.

சங்கக் கணக்கைக் கேட்டறியும் பழக்கமுடைய நமக்கு இது புதிதன்று. தறிக்குழியில் நீர் நின்றபின் வருந்துவதினும், நிதி ஒதுக்கப்படுமுன் கேட்பதே அறிவுடைமை.